பணியிடத் துன்புறுத்தலும் பழிவாங்கலும்: குறைந்த செலவில் சட்ட உதவி தேடும் வழிகள்

பணியிடத்தில் நேரும் பாலியல் துன்புறுத்தலும், அதை வெளியே சொன்னதற்காக வரும் பழிவாங்கலும் பாதிக்கப்பட்டவருக்கு ஒரே துயரத்தின் தொடர்ச்சி. சட்டத்தில் அவை இரண்டு வழக்குகள். முதலாவது, 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி புகார்க் குழுவின் முன் போகிறது. குற்றச் செயலாகவும் இருந்தால் காவல் நிலையத்துக்கும் போகலாம். ஷிஃப்ட் மாற்றம், சம்பள உயர்வு நிறுத்தம், வெளியூர் மாறுதல், ராஜினாமா எழுதித் தரச் சொல்லும் நெருக்கடி, பணிநீக்கம் ஆகியவை இரண்டாவது வகை. இவை பெரும்பாலும் தொழிலாளர் துறை வழியாகப் போகின்றன. வாசல் வேறு, கெடு வேறு, உதவிக்கு வரக்கூடிய ஆளும் வேறு. ஆகவே நல்ல வக்கீல் யார், எவ்வளவு பீஸ் வாங்குவார் என்பது முதல் கேள்வி அல்ல. எந்த வாசல், அங்கே வழக்கறிஞர் தேவையா, தேவையென்றால் அரசு செலவில் கிடைப்பாரா என்று தீர்த்துக்கொண்ட பிறகே பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த வரிசையில் பார்த்தால், தமிழ்நாட்டில் ஒரு பெண் ஊழியர் தன் கையிலிருந்து செலவழித்தே ஆக வேண்டிய இடங்கள் மிகச் சிலதான்.

கெடுக்கள்

காசில்லாத புகாரைக் காப்பாற்ற வழி உண்டு. கெடு கடந்த புகாரைக் காப்பாற்றுவது கடினம். துன்புறுத்தல் நடந்த நாளிலிருந்து, அது தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து, 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். காரணம் காட்டினால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் குழுவுக்கு அதிகாரமில்லை.

பழிவாங்கலை எதிர்கொள்பவர்கள் இங்கேதான் அடிக்கடி ஏமாறுகிறார்கள். பதவி பறிக்கப்பட்டதையோ மாறுதல் உத்தரவு வந்ததையோ துன்புறுத்தலின் கடைசிச் சம்பவமாகக் கணக்கில் வைத்துக் காத்திருப்பது ஆபத்து. மேற்கு வங்கத்தில் ஒரு சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மீது ஆசிரியை ஒருவர் கொடுத்த புகாரில், 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. பிறகு வந்த நிர்வாக நடவடிக்கைகள் பாலியல் துன்புறுத்தலின் தொடர்ச்சி ஆகா என்று கூறி, புகார் காலங்கடந்தது என முடிவு செய்தது. ஆக, துன்புறுத்தலுக்கான 3 மாதத்தைத் தனியாகவும், பழிவாங்கலுக்கான கெடுவைத் தனியாகவும் எண்ணிக்கொண்டே வர வேண்டும்.

பழிவாங்கலின் கெடு வேலையின் தன்மையைப் பொறுத்தது. கடை, தனியார் அலுவலகம், ஐ.டி. நிறுவனம் போன்றவற்றுக்குப் பொருந்தும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆம் பிரிவின்படி, 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரைத் தக்க காரணமின்றி நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் செய்ய வேண்டும். ஆலைத் தொழிலாளருக்கான கெடு நீளம். பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் 3 ஆண்டு இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் சமரச அதிகாரியிடம் போக 2 ஆண்டுதான். இந்த வேறுபாடு தெரியாத ஐ.டி. ஊழியர், தனக்கும் ஆண்டுக்கணக்கில் நேரம் இருப்பதாக நினைத்து 30 நாளைத் தவறவிட வாய்ப்பு அதிகம்.

வழக்கறிஞர் வர முடியாத இடம்

விசாகா கமிட்டி என்று எல்லோரும் சொல்லும் உள்ளகப் புகார்க் குழு, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் இருக்க வேண்டும். தலைவர் அங்கே பணிபுரியும் மூத்த பெண் அலுவலர். உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளியிலிருந்து தொண்டு நிறுவனம் சார்ந்தவரோ இந்த விஷயம் அறிந்தவரோ ஒருவர். 10 பேருக்குக் குறைந்த இடத்திலும், குற்றம்சாட்டப்படுபவர் முதலாளியே என்றாலும் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் அதன் விவரம் கிடைக்கும். இந்தக் குழுக்கள் பல மாவட்டங்களில் ஏட்டளவில் இருந்தன. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாவட்டத்துக்கும் கெடு வைத்து, 2025 ஜனவரி 31க்குள் அமைக்கச் சொன்னது. மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளம் வழியாகவும் புகாரைப் பதியலாம்.

இந்த இரு குழுக்களிலும் எந்தக் கட்டணமும் இல்லை. செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர் அறிய வேண்டிய இன்னொரு விஷயம், 2013ஆம் ஆண்டு விதிகளின்படி விசாரணையின் எந்தக் கட்டத்திலும் இரு தரப்பும் வழக்கறிஞரை அழைத்து வரக் கூடாது. நிறுவனம் எவ்வளவு பெரிய வக்கீலை வைத்திருந்தாலும் அவர் அந்த அறைக்குள் வர முடியாது. கமிட்டி விசாரணைக்கு ஆஜராவதாகச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது.

அதற்காக, குழுவின் முன் போகிறவருக்குச் சட்ட உதவியே வேண்டாம் என்று ஆகாது. உள்ளே போவதற்கு முன்பு வேண்டும். புகார் மனுவை எழுதுவதில்தான் வழக்கின் பெரும்பகுதி தீர்மானமாகிறது. வக்கீலுக்குக் கொடுக்கும் ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சப் பலன் கிடைப்பதும் இங்கேதான். "மேனேஜர் ரொம்ப நாளாகத் தொந்தரவு தருகிறார், மன உளைச்சலாக இருக்கிறது" என்று எழுதிய மனுவை வைத்துக் குழு எதையும் விசாரிக்க முடியாது. "மார்ச் 14, மாலை ஆறரை மணி, பேக்கிங் பிரிவு. லைன் சூப்பர்வைசர் பின்னால் வந்து தோளைப் பிடித்தார். கையைத் தட்டிவிட்டேன். ஓவர்டைம் வேண்டாமா என்று கேட்டார். பக்கத்து மேசையில் இருந்தவர் பார்த்தார். அன்றிரவு 9.10க்கு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இணைப்பு 2" என்று எழுதினால், அதில் நாள் இருக்கிறது, இடம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது. அந்த ஓவர்டைம் பேச்சுக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. வேலையில் சலுகை தருவதாக ஆசை காட்டுவதும், கெடுதல் செய்வதாக மிரட்டுவதும், வேலையே போய்விடும் என்று அச்சுறுத்துவதும் பாலியல் செயலோடு சேர்ந்து வந்தால் துன்புறுத்தல்தான் என 3ஆம் பிரிவு சொல்கிறது. பழிவாங்கலை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரும் கயிறு இதுதான். மனுவில் இந்த வாக்கியம் விடுபட்டால் பிறகு சேர்ப்பது சிரமம். மனுவை இணைப்புகளோடும் சாட்சிகளின் பெயர், முகவரியோடும் 6 பிரதிகளாகத் தர வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுதிக் கொடுக்க உதவுவது குழுவின் கடமை.

இரண்டாவது பயனுள்ள கட்டம் இடைக்கால நிவாரணம். விசாரணை நடக்கும்போதே, புகார்தாரர் எழுதிக் கேட்டால், அவரையோ எதிர்த்தரப்பையோ வேறு இடத்துக்கு மாற்றவும், 3 மாதம் வரை கூடுதல் விடுப்பு தரவும் குழு பரிந்துரைக்கலாம். எதிர்த்தரப்பு அவருடைய பணி மதிப்பீட்டை எழுதாதபடி தடுக்கவும் பரிந்துரைக்கலாம். அப்ரைசல் காலத்தில் இந்தக் கடைசி நிவாரணத்தின் மதிப்பு மிகப் பெரியது. கேட்காவிட்டால் கிடைக்காது, புகாரோடு சேர்த்தே தனி மனுவாகக் கேட்டுவிட வேண்டும்.

விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். அறிக்கை 10 நாளில் இரு தரப்புக்கும் வர வேண்டும், நிர்வாகம் 60 நாளில் செயல்பட வேண்டும், மேல்முறையீட்டுக்கு 90 நாள். மேல்முறையீட்டுக் கட்டத்திலிருந்துதான் வழக்கறிஞரின் தேவை முழுமையாகத் தொடங்குகிறது. புகாரை நிரூபிக்க முடியாமல் போனால் நடவடிக்கை வந்துவிடுமோ என்ற பயம் பலரைத் தடுக்கிறது. நிரூபிக்க முடியாமை மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்று 14ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது.

சட்டப் பணிகள் ஆணைக்குழு

இலவச சட்ட உதவி வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு மட்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, உதவிக்கு உரியவர்களின் பட்டியலில் பெண்களைச் சேர்த்திருக்கிறது. அவர்களுக்கு வருமான வரம்பு வைக்கவில்லை. மாதம் லட்ச ரூபாய் சம்பளம் வாங்கும் மென்பொருள் பொறியாளரும் பெண் என்ற ஒரே தகுதியில் விண்ணப்பிக்கலாம். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கும் ஆண், பெண் வேறுபாடின்றி இந்த உரிமை உண்டு. பட்டியலில் சேராத மற்றவர்களுக்கு மட்டும் வருமான வரம்பு பார்க்கப்படும். சம்பளம் வாங்குகிறோமே, கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்கி, நகையை அடகு வைத்துப் பீஸ் கட்டுபவர்கள் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டிருந்தால் எத்தனையோ சுமை குறைந்திருக்கும்.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். வட்ட அளவிலும் குழுக்கள் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் அதன் மதுரைக் கிளைக்கும் தனித்தனி சட்டப் பணிகள் குழுக்கள் இருக்கின்றன. ஆதார் நகல், புகாரின் நகல், நிறுவனம் தந்த கடிதங்கள், நடந்ததை ஒரு பக்கத்தில் சுருக்கிய குறிப்பு ஆகியவற்றோடு போனால் போதும். விண்ணப்பத்தின் மீது 7 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. மறுத்தால் ஆணைக்குழுவின் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். நேரில் போக முடியாதவருக்கு 15100 என்ற எண்ணும், தொலைபேசியில் ஆலோசனை மட்டும் தரும் டெலி-லா சேவையின் 14454 என்ற எண்ணும் உள்ளன.

இந்த வழியின் குறை, நியமிக்கப்படும் வழக்கறிஞர்களின் அனுபவம் ஒரே சீராக இருப்பதில்லை. குடும்ப வழக்கிலும் விபத்து வழக்கிலும் கைதேர்ந்த ஒருவர், பணி தொடர்பான சட்டத்தில் அவ்வளவு பழக்கமில்லாதவராக இருக்கலாம். இதை ஊழென்று ஏற்கத் தேவையில்லை. ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் உள்ள குறிப்பிட்ட ஒருவரை விண்ணப்பதாரர் கேட்கலாம். செயலாளர் அதைப் பரிசீலித்து அனுமதிக்க விதியில் இடம் உண்டு. தொழிலாளர் வழக்கு நடத்துபவர் பட்டியலில் யார் என்று அலுவலகத்தில் விசாரித்து, அந்தப் பெயரை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுவது சிறந்தது. நியமிக்கப்பட்டவர் வாய்தாவுக்கு வராமல் இருந்தால், வேறொருவரைக் கேட்டுச் செயலாளருக்கு எழுத்தில் மனு தரலாம். பட்டியல் வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் பணம் கேட்கவோ வாங்கவோ கூடாது. டைப்பிங் செலவு, கிளார்க் செலவு என்று சிறு தொகை கேட்டாலும் அது விதிமீறலே. நீதிமன்றக் கட்டணம், ஆவண நகல் செலவு முதலியவையும் சட்ட உதவிக்குள்ளேயே அடங்கும்.

தொழிற்சங்கமும் பெண்கள் அமைப்புகளும்

பஞ்சாலை, ஆயத்த ஆடை, தோல் தொழில் ஆகியவற்றில் இருப்பவருக்குச் சங்கமே முதல் தேர்வு என்று தயங்காமல் சொல்லலாம். சங்கத்தின் சந்தா சிறு தொகை. தொழிலாளர் துறையில் யாரைப் பார்க்க வேண்டும், நிர்வாகம் எந்தக் காகிதத்தை மறைக்கும் என்பதெல்லாம் சங்க நிர்வாகிகளுக்கு அனுபவத்தில் தெரியும். சமரச அதிகாரி முன் நடக்கும் பேச்சில் இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கூடாது. தொழில் தீர்ப்பாயத்திலும் எதிர்த்தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் இருந்தால்தான் வழக்கறிஞர் ஆஜராக முடியும். சங்க நிர்வாகிக்கு இந்தத் தடை இல்லை. நீதிமன்றக் கட்டணமும் இல்லாத அந்த மன்றத்தில், பழகிய சங்கத் தலைவர் ஒருவர் விலை உயர்ந்த வக்கீலைவிட நன்றாக வேலை செய்வார்.

சங்கத்தால் செய்ய முடிந்ததற்குத் திண்டுக்கல் சாட்சி. 2021 ஜனவரியில் அம்மாவட்டத்தில் ஓர் ஆயத்த ஆடை ஆலையின் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அதை அடுத்து, பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் நடத்திய போராட்டத்தின் விளைவாக, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும் எச் அண்ட் எம் முதலிய வெளிநாட்டு வாங்குநர்களோடும் திண்டுக்கல் ஒப்பந்தம் ஏற்பட்டது. தளத்தில் வேலை செய்யும் பெண்களே கண்காணிப்பாளராகப் பயிற்சி பெற்றுப் புகார்களை எடுத்துச் செல்வது அதன் மையம். புகார் சொன்னவரைப் பழிவாங்குவதை அந்த ஒப்பந்தம் வெளிப்படையாகத் தடை செய்தது. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவாக இல்லாத ஒன்று, தொழிலாளர்கள் பேசி வாங்கிய காகிதத்தில் இருந்தது.

சங்கம் இல்லாத இடத்தில் பெண்கள் அமைப்புகளும் சட்டக் கல்லூரிகளின் உதவி மையங்களும் மனு எழுதவும் உடன் வரவும் உதவும். 181 என்ற மகளிர் உதவி எண்ணும், மாவட்டந்தோறும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையமும் ஆலோசனையும் மனநல உதவியும் தருகின்றன. மாநில மகளிர் ஆணையத்துக்கும் எழுதலாம். நிர்வாகத்தை அழைத்து விசாரிக்க அதனால் முடியும். நீதிமன்றத்தைப் போல நிவாரண உத்தரவு போட முடியாது. கெடுக்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆணையத்தின் பதிலுக்காகக் காத்திருப்பது தவறான கணக்கு.

காவல் நிலையம்

தொடுதல், பாலியல் இணக்கம் கேட்டல், விருப்பமின்றி ஆபாசப் படம் காட்டல், பின்தொடர்தல் ஆகியவை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்றங்கள். 74 முதல் 79 வரையான பிரிவுகள் இவற்றைச் சொல்கின்றன. குழுவிடம் போனவர் காவல் நிலையத்துக்கும் போகலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. அவர் குற்றப் புகார் தர விரும்பினால் உதவ வேண்டியது நிர்வாகத்தின் சட்டக் கடமை. குற்ற வழக்கை நடத்துபவர் அரசு வழக்கறிஞர். புகார்தாரருக்குப் பீஸ் செலவு இல்லை. அரசு வழக்கறிஞருக்கு உதவியாகத் தனியாக ஒருவரை வைக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம், அவரையும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமே கேட்கலாம். தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பெண்ணுக்குச் சாதியைச் சொல்லியோ சாதியின் பலத்திலோ நடந்த துன்புறுத்தலென்றால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி நிவாரணத் தொகையும் உண்டு என்பதால் சாதி விவரத்தை முதல் நாளே மனுவில் எழுத வேண்டும்.

இந்த வழி மெதுவானது. வேலையைத் திரும்பப் பெற்றுத் தராது. உடல்ரீதியான தாக்குதலும் மிரட்டலும் இருந்தால் தவிர்க்கவே கூடாதது. ஆபாசப் பேச்சு மட்டுமே இருந்து, வேலையில் நீடிப்பதுதான் புகார்தாரரின் முதல் தேவை என்றால், குழுவை முன்னுக்கு வைத்துக் காவல் நிலையத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அது பெண்ணின் முடிவு. வக்கீலோ குடும்பமோ எடுக்க வேண்டிய முடிவு அல்ல.

பணம் கொடுத்து வைக்கும் வழக்கறிஞர்

"ஜெயித்தால் பத்து சதவீதம், தோற்றால் ஒன்றும் வேண்டாம்" என்ற பேச்சு கைக்கு அடக்கமாகத் தோன்றும். இந்தியாவில் அது விதிமீறல். வழக்கின் முடிவைச் சார்ந்து பீஸ் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்கறிஞர் சங்கக் குழுமத்தின் விதிகள் தடை செய்கின்றன. அந்த விதியை மீறத் தயங்காதவர், நிர்வாகத்தோடு விரைவில் பேசி முடித்துத் தன் பங்கை வாங்கிக்கொள்ளவும் தயங்கமாட்டார். இணையத்தில் முதலில் வரும் பெயரைத் தேர்ந்தெடுப்பதும் உதவாது. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், நட்சத்திரக் குறியிட்டு வழக்கறிஞர்களைப் பட்டியலிடும் இணையதளங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கக் குழுமத்துக்கு உத்தரவிட்டது.

முழு வழக்கையும் ஒரே தொகைக்குப் பேசுவதைவிட, கட்டம் கட்டமாகப் பேசுவது கைச்செலவைக் கட்டுக்குள் வைக்கும்: ஆலோசனைக்கு இவ்வளவு, புகார் மனுவைச் சரிபார்த்துத் தர இவ்வளவு, மேல்முறையீடு தாக்கல் செய்து நம்பர் ஆகும் வரை இவ்வளவு, பிறகு வாய்தாவுக்கு இவ்வளவு. வாய்தாக் கணக்கு மட்டும் பேசினால் வழக்கு நீள நீளச் செலவும் நீளும் என்பதால் அதற்கு ஒரு உச்சவரம்பு கேட்கலாம். ரசீது கேட்பது அவமரியாதை அல்ல. முதல் சந்திப்பில் அவர் கேட்கும் கேள்விகளே அவரை அடையாளம் காட்டும். கடைசிச் சம்பவம் எந்தத் தேதி, நிறுவனத்தில் எத்தனை பேர், பணி நியமனக் கடிதத்தில் பதவி என்னவென்று எழுதியிருக்கிறது என்று கேட்பவர் வேலை தெரிந்தவர். அதே நிறுவனத்துக்கோ அதன் குழும நிறுவனங்களுக்கோ அவர் ஆஜராகியிருக்கிறாரா என்று புகார்தாரர் தன் பங்குக்குக் கேட்டுவிட வேண்டும்.

பழிவாங்கலுக்கு எதிரான வழக்கைத் தேர்ந்தெடுத்தல்

காசு செலவழிப்பதில் நியாயம் அதிகம் இருப்பது இந்தப் பகுதியில்தான். வேலை போன பிறகு எந்த மன்றம் என்பது, பதவியின் பெயரைவிட உண்மையில் செய்த வேலையைப் பொறுத்தது. தொழில் உறவுகள் தொகுப்பின்படி நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் தொழிலாளி ஆகமாட்டார். ஆனால் விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று போட்டிருந்தும் கீழே ஒருவர்கூட இல்லாமல் தானே நிரல் எழுதிக்கொண்டிருந்தவர், தொழிலாளி என்று வாதிட இடம் உண்டு. தொழிலாளி என்றால், பழிவாங்கும் நோக்கோடு நீக்குவது நியாயமற்ற தொழில் நடவடிக்கை என்ற வாதம் கிடைக்கும். மீண்டும் வேலையும் பழைய சம்பளமும் கேட்கலாம். தொழிலாளி என்று நிறுவுவது சந்தேகமென்றால், கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு மேல்முறையீடு எளிமையானது, செலவு குறைந்தது. எது பொருந்தும் என்று தீர்மானிக்க அனுபவமுள்ள தொழிலாளர் வழக்கறிஞரிடம் ஒருமுறை ஆலோசனைக் கட்டணம் கட்டுவது வீண் போகாது. 30 நாள் கெடு இருப்பதால் அந்த ஆலோசனை முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும்.

நிறுவனங்கள் பெரும்பாலும் நீக்குவதில்லை, ராஜினாமா எழுதி வாங்குகின்றன. எச்.ஆர். அறையில் உட்கார வைத்து, கையெழுத்துப் போட்டால் ரிலீவிங் லெட்டரும் செட்டில்மென்ட்டும் உடனே, இல்லாவிட்டால் அடுத்த கம்பெனியில் கேட்டால் நல்லபடி சொல்லமாட்டோம் என்பார்கள். அங்கே போட்ட கையெழுத்தைப் பிறகு உடைப்பது மிகக் கடினம். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வருவதே பாதுகாப்பு. கையெழுத்திட நேர்ந்துவிட்டால், அன்றே சொந்த மின்னஞ்சலிலிருந்து, கட்டாயத்தின் பேரில் எழுதியது, திரும்பப் பெறுகிறேன் என்று நிர்வாகத்துக்கும் குழுத் தலைவருக்கும் அனுப்ப வேண்டும். இந்த மின்னஞ்சலுக்குச் செலவு இல்லை. பின்னால் எந்த வக்கீலும் முதலில் கேட்பது இதைத்தான். பணத்தை வைத்துப் புகாரைத் திரும்பப் பெறச் சொல்லும் பேச்சும் சட்டத்துக்குள் வராது. குழுவின் முன் சமரசம் புகார்தாரர் கேட்டால் மட்டுமே நடக்கும், அதன் அடிப்படை பணமாக இருக்கக் கூடாது என்று 10ஆம் பிரிவு சொல்கிறது.

செய்திகளும் பதிவுகளும் இருக்கும் போனை விற்காமலும் அழிக்காமலும் வைத்திருக்க வேண்டும். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் சான்றாக்க 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தேவை. ஸ்கிரீன்ஷாட்டின் அச்சுப் பிரதி மட்டும் போதாது. நிறுவனத்தின் கணினியிலிருந்து தொடர்பில்லாத கோப்புகளைச் சேர்த்து எடுத்து வருவது, எதிர்த்தரப்புக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கான சாக்கைத் தானே கொடுப்பதாகும்.

யாருக்கு எது

ஆலைத் தொழிலாளிக்குச் சங்கமும் ஆணைக்குழுவும் சேர்ந்தால் பெரும்பாலும் போதும். ஐ.டி. ஊழியருக்கு, மனு எழுதவும் 41ஆம் பிரிவா தொழில் தகராறா என்று தீர்மானிக்கவும் கட்டண ஆலோசனை, அதன் பிறகு வழக்கை நடத்த ஆணைக்குழு அல்லது கட்டம் கட்டமாகப் பேசிய வழக்கறிஞர் என்ற கலவை பொருந்தும். வீட்டு வேலை செய்பவருக்கு உள்ளூர்க் குழுதான் வாசல். முகாந்திரம் இருந்தால் குழுவே 7 நாளுக்குள் புகாரைக் காவல் துறைக்கு அனுப்ப வேண்டும் என்பதால், ஆணைக்குழுவின் வழக்கறிஞர் தொடக்கத்திலிருந்தே உடன் இருப்பது நல்லது. அரசு ஊழியரின் வழி வேறு. மத்திய அரசுப் பணியாளர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கும், மாநில அரசுப் பணியாளர் உயர் நீதிமன்றத்துக்கும் போக நேரும். அங்கே பணிச் சட்டம் மட்டுமே நடத்தும் வழக்கறிஞரைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஆண் ஊழியர்கள் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் புகார் தர முடியாது. திருநருக்கு 2019ஆம் ஆண்டின் சட்டம், ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது. பாலியல் தன்மையில்லாத அவமதிப்புக்கும் கொடுமைக்கும் தனிச் சட்டம் இல்லை. நிறுவனத்தின் நிலையாணைகள், தொழிலாளர் துறை, மிரட்டலும் அடியும் இருந்தால் காவல் நிலையம் என்றுதான் போக வேண்டும்.

தேர்ந்தெடுத்தவர் சரியில்லை என்று பாதியில் தெரிந்தால் மாற்றிக்கொள்ள முழு உரிமை உண்டு. பீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வழக்கறிஞருக்கு அதிகாரமில்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பாக்கியை அவர் தனியாக வசூலிக்கலாம், கட்டைத் தந்துவிட வேண்டும். தர மறுத்தால் மாநில வழக்கறிஞர் சங்கக் குழுமத்திடம் புகார் தரலாம். எந்தக் கட்டத்திலும் அசல் ஆவணங்களைக் கொடுக்காமல் நகலை மட்டும் கொடுத்து, கொடுத்ததன் பட்டியலில் கையொப்பம் வாங்கி வைத்திருந்தால், புதியவரிடம் போவதற்கு ஒரு நாளும் வீணாகாது.